கிரஞ்சின் தாய்வீடு எது: பிளாக் சபாத்தா, பிளாக் ஃபிளாகா?

பழையகேசட்:
"நிர்வாணா வந்தது, மெட்டல் செத்தது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்த எரிச்சலில் இதைத் தொடங்குகிறேன். நிர்வாணா போன்ற சியாட்டில் வட்டாரக் குழுக்களின் கனத்த ராக் இசையான கிரஞ்ச், மெட்டலைக் கொல்லவில்லை, மெட்டலின் மூத்த வீட்டிலேயே பிறந்தது. மெட்டலைத் தொடங்கிவைத்த இங்கிலாந்துக் குழு பிளாக் சபாத் இல்லையென்றால் சியாட்டில் இன்றும் மழைக்கும் விமானத் தொழிற்சாலைக்கும் மட்டும் பேர் பெற்ற ஊராக இருந்திருக்கும்.

கதை பர்மிங்காமில் தொடங்குகிறது. பின்னாளில் சபாத்தின் கிட்டார்காரரான டோனி ஐயோமி, பதினேழு வயதில், உலோகத் தகடு ஆலையில் தன் வேலையின் கடைசி நாளன்று, வலது கையின் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார். இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்தார், உறையின் மேல் தோல் ஒட்டினார், மறுபடி வாசித்தார். உறைக்குள் இருக்கும் விரலுக்குத் தந்தி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் மெல்லிய தந்திகளைப் போட்டார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சுருதியையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார்கள். தளர்ந்த தந்தியின் அந்தக் கனம்தான் இருபது ஆண்டு கழித்து சியாட்டில் குழுக்களான சவுண்ட்கார்டனிலும் ஆலிஸ் இன் செயின்ஸிலும் கேட்டது.

இன்னும் சந்தேகம் இருந்தால், 1992இல் சவுண்ட்கார்டன் பாடிய "இன்டு தி வாய்ட்" கேளுங்கள். மெட்டு அப்படியே சபாத்துடையது. வரிகளை எடுத்துவிட்டு, சியாட்டில் என்ற ஊர்ப்பெயருக்குக் காரணமான பழங்குடித் தலைவர் சியால்த்தின் பெயரில் வழங்கும் எதிர்ப்பு வாசகங்களைப் பாடினார் அந்தக் குழுவின் பாடகர் கிறிஸ் கார்னெல். ஊரின் பெயரையே சபாத்தின் மெட்டில் வைத்துப் பாடிய பிறகு வேறு என்ன சாட்சி வேண்டும்?

மூன்றுகார்டு:
விரல் உறைக் கதை அழகானது, மறுக்கவில்லை. ஆனால் எழுபதுகளில் சபாத் தட்டு அமெரிக்காவில் எந்தப் பையன் வீட்டில் இல்லை? எல்லார் வீட்டிலும் இருந்த ஒன்று, ஒரே ஒரு ஊரில் மட்டும், அதுவும் எண்பதுகளின் நடுவில் ஏன் முளைக்க வேண்டும்? இதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். 1984இல் கலிபோர்னியாவின் பங்க் (எளிய, முரட்டு வேக ராக்) குழுவான பிளாக் ஃபிளாக் "மை வார்" என்ற ஆல்பத்தை வெளியிட்டது. முதல் பக்கம் வழக்கமான பங்க் வேகம். தட்டைத் திருப்பினால் மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல், சேற்றில் கால் புதைந்தவன் நடப்பதுபோல. வேகத்துக்காகக் காசு கொடுத்த ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டு சியாட்டிலுக்கும் வந்து வாசித்தார்கள். மாண்டசானோ என்ற மரம்வெட்டிகளின் சிற்றூரிலிருந்து கிளம்பிய மெல்வின்ஸ், அதுவரை வேகமாக வாசித்துக்கொண்டிருந்த குழு, அதன்பின்தான் மெதுவானது. கிரீன் ரிவர் குழுவின் மார்க் ஆர்மும் அந்த இரண்டாம் பக்கத்தின் பக்தர். அந்தக் குழு உடைந்துதான் ஒரு பக்கம் மட்ஹனி, இன்னொரு பக்கம் பேர்ல் ஜாம்.

ஒரு பெயர் விளையாட்டும் சொல்கிறேன். "மை வார்" பதிவின்போது பாஸ் கிட்டாருக்கு ஆள் இல்லை. குழுவின் கிட்டார்காரர் கிரெக் கின் தானே அதையும் வாசித்து, டேல் நிக்சன் என்ற பொய்ப் பெயரை அட்டையில் போட்டார். 1992இல் மெல்வின்ஸின் பஸ் ஆஸ்போர்ன் தனியாக ஒரு சிறு தட்டு வெளியிட்டபோது அதில் வாசித்த நிர்வாணாவின் டிரம்ஸ்காரர் டேவ் குரோலின் பெயர் எப்படி அச்சாகியிருந்தது தெரியுமா? டேல் நிக்சன். குலதெய்வத்தின் பெயரை யார் வைப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

பழையகேசட்:
அந்த கிரெக் கின்னுக்கு மெதுவாக வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது யாராம்? அவர் சபாத் விரும்பி என்பது ஊரறிந்தது. பேரன் தாத்தாவை விட்டுவிட்டு அப்பாவை மட்டும் கும்பிடுகிறான், அவ்வளவுதான்.

இரட்டைமிதி:
இருவரும் கிரஞ்சுக்கு மாலை போடுவதில் போட்டி போடுகிறீர்கள். நான் த்ராஷ், அதாவது மெட்டலின் அதிவேகக் கிளை, கேட்டு வளர்ந்தவன். 1991இல் ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் மூன்றும் சேர்ந்து அமெரிக்காவைச் சுற்றியபோது தொடக்கக் குழுவாக ஆலிஸ் இன் செயின்ஸ் போனது. கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து மேடை மீது வீசியது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் வரவேற்பு இப்படியா இருக்கும்?

பழையகேசட்:
ஒரே வீடு என்பதால்தான் அப்படி! பங்காளிச் சண்டை பார்த்ததே இல்லையா நீங்கள்?

செத்தது எது என்பதையும் பார்த்துவிடுவோம். லாஸ் ஏஞ்சல்ஸில் தலைமுடிக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டு ஆடிய கூட்டம் செத்தது. அதற்கு நானும் அழவில்லை. மெட்டாலிகாவின் கறுப்பு ஆல்பம் 1991 ஆகஸ்டில் வந்தது, நிர்வாணாவின் "நெவர்மைண்ட்" செப்டம்பரில். இரண்டும் அக்கம்பக்கமாக விற்றன. 1994 மார்ச்சில் சவுண்ட்கார்டனின் "சூப்பர்அன்னோன்" வெளிவந்த வேகத்தில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. இரண்டே வாரம் கழித்து வந்த பேண்டெராவின் ஆல்பமும் நேராக முதலிடம். கேட்டால் காது கிழியும் தட்டு அது. மெட்டல் செத்துவிட்டது என்றால் அதை வாங்கியது ஆவிகளா?

இரட்டைமிதி:
பேண்டெரா விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். மற்றதில் இல்லை.

ஆறாம்தந்தி:
நான் மேடை ஏறியவன் இல்லை, வீட்டில் வாசிப்பவன். கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த வழக்கு வேறு மாதிரி தெரிகிறது.

சவுண்ட்கார்டனின் கிட்டார்காரர் கிம் தாயில், கேரளத்திலிருந்து அமெரிக்கா போன பெற்றோரின் மகன், பேட்டிகளில் ஒன்று சொல்லியிருக்கிறார். சபாத் ஆறாவது தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குவார்கள் என்று பஸ் ஆஸ்போர்ன் அவரிடம் சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வாசிக்கத் தொடங்கினார். ஆனால் பழையகேசட் அண்ணா மேலே எழுதியதைப் பாருங்கள்: 1971இல் சபாத் ஆறு தந்திகளையும் சேர்த்து இறக்கியது. அது வேறு, இது வேறு.

ஆறையும் சேர்த்து இறக்கினால் விரல் அமைப்பு மாறாது, கனம் மட்டும் கூடும். ஆறாவதை மட்டும் இறக்கினால் கீழ் மூன்று தந்திகளையும் ஒரே விரலைக் கிடத்தி அழுத்தலாம், பவர் கார்டு (ராக்கின் அடிப்படையான கனத்த கார்டு) வந்துவிடும். அந்த விரலை அப்படியே வழுக்கிக்கொண்டு கழுத்து முழுக்க ஓடலாம். நேற்று இரவு செய்து பார்த்தேன். தந்தி தொளதொளவென்று பலகையில் மோதியது, ஆனால் ஐந்து நிமிடத்தில் கை தானாகவே சியாட்டில் பாட்டு மாதிரி எதையோ வாசித்தது. சபாத் பாட்டுக்கு அப்படி நடக்கவில்லை, அதற்கு விரல்கள் தனித்தனியாக வேலை செய்ய வேண்டியிருந்தது.

என் கணக்கில் சபாத்தைப் பற்றிய அரைகுறைச் செய்தி ஒன்று, பங்க் பையன் ஒருவன் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்து, சபாத்திடமே இல்லாத ஒன்றாக வளர்ந்துவிட்டது. இப்போது இதை யார் கணக்கில் எழுதுவீர்கள்?

மூன்றுகார்டு:
என் கணக்கில்தான். சேதி சொன்னவன் பங்க்.

இது சுருதி விவகாரம் மட்டும் இல்லை. நிர்வாணாவின் முதல் ஆல்பத்துக்கு ஆன ஒலிப்பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். அதையும் கட்டியவர் ஜேசன் எவர்மேன். அட்டையில் கிட்டார்காரர் என்று பெயர் இருக்கும், தட்டில் ஒரு சுரம்கூட அவர் வாசிக்கவில்லை. (பிறகு சவுண்ட்கார்டனில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் சேர்ந்தார். இவர் கதை தனித் திரிக்கே தாங்கும்.) சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் மெல்வின்ஸின் டேல் குரோவர். பெரிய கம்பெனி வரட்டும் என்று காத்திராமல் நண்பனைக் கூப்பிட்டு, கடன் வாங்கிப் பதிவு செய்து, உள்ளூரில் இரண்டு பேர் நடத்தும் நிறுவனத்தில் வெளியிடுவது: இந்த வழியைப் போட்டது பிளாக் ஃபிளாக். சொந்த நிறுவனம், சொந்த வேன், ஊர் ஊராகப் பயணம். சவுண்ட்கார்டனின் முதல் முழு ஆல்பமே கிரெக் கின்னின் எஸ்.எஸ்.டி. நிறுவனத்தில்தான் வந்தது, அண்ணா. வசதியாக மறந்துவிட்டீர்கள்.

பழையகேசட்:
மறக்கவில்லை, நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். "மை வார்" இரண்டாம் பக்கத்தை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டு வருகிறேன்.

ஆறாம்தந்தி:
இத்தனை நேரம் கேட்காமலேயா வாதாடினீர்கள்!

பழையகேசட்:
கேட்டேன். இரண்டாவது பாட்டின் பாதியில் மனைவி வந்து ஒலிபெருக்கி கெட்டுவிட்டதா என்று கேட்டார்.

இதில் நான் எதிர்பார்த்த சபாத் இல்லை. சபாத்தின் டிரம்ஸ்காரர் பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவர் டிரம்ஸில் இடுப்பை அசைக்கும் ஓர் ஆட்டம் இருக்கும். இங்கே அது துளியும் கிடையாது. சிமென்ட் மூட்டையைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறுகிற மாதிரி இருக்கிறது, மூச்சிரைப்பு உட்பட. மெல்வின்ஸிலும் மட்ஹனியிலும் கேட்பது இந்த மூட்டைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சவுண்ட்கார்டனும் ஆலிஸ் இன் செயின்ஸும் அந்தப் படியில் ஏறவே இல்லை. அவர்களை உங்களுக்கு எழுதிக்கொடுக்க மாட்டேன்.

இரட்டைமிதி:
ஆலிஸ் இன் செயின்ஸை நானும் கொடுக்க மாட்டேன். வீசியதெல்லாம் எங்கள் ஆட்கள்தான் என்றாலும்.

மூன்றுகார்டு:
ஆலிஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சவுண்ட்கார்டனைப் பற்றி நாளை வருகிறேன், எஸ்.எஸ்.டி. தட்டோடு.

ஒலிபெருக்கி கெட்டுவிட்டதா என்று கேட்டவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை.