புதுப்பிப்பு: 2880×1800 திரையில் 1080பி வீடியோ

முந்தைய பதிவின் கேள்வி: முழு எச்டி (1080பி, அதாவது 1920×1080 புள்ளி) வீடியோ, 2880×1800 லேப்டாப் திரையில் ஏன் மங்கலாகவும் திக்கித்திக்கியும் ஓடுகிறது? இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

மங்கல் வெறும் கணக்கு. 1920 புள்ளிகளை 2880 ஆக்க ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும். அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. பக்கத்து நிறங்களைக் கலந்துதான் இடைவெளியை நிரப்ப முடியும். 3840×2160 திரையில் சரியாக இரண்டு மடங்குதான், ஆனாலும் பிளேயர்கள் பெரும்பாலும் அங்கும் கலக்கவே செய்யும். எம்பிவி பிளேயரில் லான்சோஸ் ஸ்கேலரை (படத்தைப் பெரிதாக்கும் ஒரு கணக்கு முறை) தேர்ந்தெடுங்கள், விளிம்புகள் தெளியும். அதற்குமேல் ஷார்ப்னஸை ஏற்றினால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக்கோடு விழும். மேலும் கீழும் 90 புள்ளிக் கறுப்புப் பட்டை வருவது கோளாறல்ல. திரை 16:10, வீடியோ 16:9. அதை இழுத்து நிரப்பினால் முகங்கள் நீளும், வேண்டாம்.

திக்கலுக்கு முதலில் ஹெர்ட்ஸைப் பாருங்கள், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்பதை. 60 ஹெர்ட்ஸில் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தின் ஒரு ஃபிரேம் 3 முறை, அடுத்தது 2 முறை என மாறிமாறி வரும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது பளிச்செனத் தெரியும். 120 ஹெர்ட்ஸில் எல்லா ஃபிரேமும் 5 முறை. விண்டோஸ் 11இல் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் மாற்றலாம். பேட்டரி சீக்கிரம் தீரும்.

யூடியூபில் 1440பி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், பிட்ரேட் (நொடிக்கு வரும் தரவின் அளவு) கூடுதல். ஆனால் டாஸ்க் மேனேஜரில் ஜிபியுவின் (கிராஃபிக்ஸ் சிப்) வீடியோ டீகோட் வரைபடம் அசையாமல் சிபியு மட்டும் எகிறினால், அந்தச் சிப்பால் வீடியோவின் கோடெக்கை (சுருக்கும் முறையை) கையாள முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் ஏவி1தான்; இன்டெல் 10ஆம் தலைமுறை வரை அதற்கு வன்பொருள் டீகோட் இல்லை. ஏவி1ஐத் தடுக்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டால் விபி9 என்ற வேறு கோடெக்கில் வீடியோ வரும், லேப்டாப்பின் மின்விசிறியும் அடங்கும்.