வாடகை வீட்டு ஈய பெயின்ட்: குழந்தை பாதிக்கப்பட்டால் யார் பொறுப்பு?

ஜன்னலோரம்: அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்துப் பால்டிமோர் நகரில் வீட்டுக்குள் ஈய பெயின்ட் அடிக்க 1951-லேயே தடை. அமெரிக்கா முழுக்கத் தடை வந்தது 1978-ல். அதற்கப்புறமும் அந்த ஊர்ப் பழைய வரிசை வீடுகளில் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டே இருந்தது. வாடகை வாங்குகிறவர்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பழையவீடு: எப்படி சார்? விற்றது கம்பெனி, அடித்தது என்றைக்கோ செத்துப்போன யாரோ. இன்சூரன்ஸ்காரர்கள் பலர் ஈயம் என்றாலே பாலிசியில் சேர்ப்பதில்லை. ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு அதில் கடன் கட்டுகிறவன் எங்கே போவான்? கம்பெனிகளைப் பிடியுங்கள். கலிபோர்னியாவில் ஈய பெயின்ட் வழக்கில் மூன்று கம்பெனிகள் 2019-ல் 30.5 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டனவே.

ஜன்னலோரம்: அந்த வழக்கு 2000-ல் போட்டது! ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கம்பெனிகளுக்கு எதிராக ஜூரி சொன்ன தீர்ப்பையே 2008-ல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதுவரை தவழும் பிள்ளை காத்திருக்குமா? கம்பெனி பெயின்ட் விற்றது சரி, அதை உரிந்து தொங்க விட்டது யார்? மேலும் கீழும் தள்ளுகிற அந்த மர ஜன்னல்களைப் பாருங்கள், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மரச்சட்டத்தில் உரசி மாவு மாதிரித் தூள் கொட்டும், பிள்ளை ஜன்னல் திட்டைப் பிடித்து நிற்கும், அப்புறம் கை நேரே வாய்க்குள்.

மாடிவீடு: தினமும் ஈரத்துணியால் துடைத்தாலே தூள் குறையுமே. பெற்றோருக்குப் பங்கே இல்லையா?

ஜன்னலோரம்: துடைக்கலாம், மறுபடி திறந்தால் மறுபடி கொட்டும். ஜன்னலை மாற்றும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டா?

பழையவீடு: மேரிலாண்டின் 1994 சட்டம் நியாயமாக இருந்தது. ஈய ஆபத்தைக் குறைக்கும் வேலையை விதிப்படி செய்த உரிமையாளர், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு 17,000 டாலர் வரை கொடுத்தால் வழக்கு கிடையாது. 2011-ல் கோர்ட் அதையும் உடைத்துவிட்டது.

ஜன்னலோரம்: அதில் 9,500 வீடு மாறும் செலவுக்கு, மருத்துவத்துக்கு வெறும் 7,500. ஆயுளுக்கும் பாதிப்போடு இருக்கப்போகிற பிள்ளைக்கு அது ஒரு தொகையா?

பழையவீடு: இப்படியே போனால் பிள்ளை உள்ளவர்களுக்கு யாரும் வீடு தர மாட்டார்கள்.

ஜன்னலோரம்: அப்படி மறுப்பது சட்டவிரோதம், தெரியுமல்லவா?

மாடிவீடு: அமெரிக்க மத்திய சட்டம், வீட்டில் ஈய பெயின்ட் இருப்பது தெரிந்திருந்தால் குடிவருபவரிடம் சொல் என்கிறது, சோதித்துப் பார் என்று சொல்லவில்லை. அப்போ சோதிக்காமல் இருப்பவனுக்குத்தான் லாபம். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரம் 2005-ல் போட்ட சட்டப்படி வாடகை வீட்டுச் சான்றிதழ் ஆய்விலேயே ஈயத்தையும் பார்க்கிறார்கள், யாருடைய ரத்தப் பரிசோதனைக்கும் காத்திருப்பதில்லை.

பழையவீடு: அதுக்கு நான் தயார். ஆனால் ஜன்னல் மாற்றும் செலவில் நகரமும் பங்கு போடட்டும்.

ஜன்னலோரம்: போடட்டும். அதுவரை அந்த வீட்டைக் கைக்குழந்தை உள்ளவர்களுக்கு விட்டு வாடகை வாங்குவீர்களா, இல்லையா?