புது கம்ப்யூட்டர் ராத்திரியில மட்டும் அணைஞ்சு போகுது, கேபினெட்ல ஷாக் வேற – உதவி பண்ணுங்க

மீன்காரம்மா_பேத்தி:

வணக்கம். காசிமேட்டுல இருந்து எழுதுறேன். கேம் டிசைன் கடைசி வருஷம். இவ்வளவு நாளும் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு உள்ள பழைய லேப்டாப்லதான் எல்லா வேலையும். கேம் பண்ற சாஃப்ட்வேர் அன்ரியல் இன்ஜின் 5 திறந்து முடிக்கறதுக்குள்ள அம்மா சோறு வடிச்சு இறக்கிடுவாங்க.

கடைசி புராஜெக்டுக்கு எங்க ஏரியாவையே லெவலா பண்றேன். விடியக்காலை 4 மணி, மீன் ஏலம், ஈரத்தரை, உடைச்ச ஐஸ், தேங்கின தண்ணியில விளக்கு வெளிச்சம் ஆடுறது. வெளிச்சம் பட்டுத் தெறிக்கறதைக் காட்டற அன்ரியலோட லூமென் இல்லாம அந்த ஈரம் வரவே மாட்டேங்குது. அதுக்காக அம்மா குழுவுல லோன் எடுத்தாங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு நாள் அலைஞ்சு அசெம்பிள் பண்ணோம்: ரைசன் 9 7900எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 750 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கற பெட்டி). யுபிஎஸ் மட்டும் மாமா வீட்ல சும்மா கிடந்தது, 600 விஏ.

வாங்கி 9 நாள் ஆச்சு. பகல்ல வேலை பண்ணா யுபிஎஸ் நடுநடுவுல கத்தும், ஆனா ஒண்ணும் ஆகாது. ராத்திரி 8 மணிக்கு மேல யுபிஎஸ்ல டக் டக்னு சத்தம் வரும், அடுத்த நிமிஷம் மொத்தமா அணைஞ்சிடும். வீட்ல ஃபேன், லைட் எல்லாம் எரியும், கம்ப்யூட்டர் மட்டும் செத்துப்போகும். நேத்து அப்படி அணைஞ்சதுல என் மெயின் மேப் திறக்கவே மாட்டேங்குது. மூணு வார வேலை.

இன்னொண்ணு, பழைய லேப்டாப்ல காப்பி பண்ணிட்டு வந்த அதே புராஜெக்ட் இங்க ஷேடர் (நிறமும் வெளிச்சமும் எப்படித் தெரியணும்னு சொல்ற கோடு) கம்பைலிங் 8 ஆயிரம்னு காட்டுது. லேப்டாப்ல அப்படி வரல. புதுசு எப்படி மெதுவாகும்?

அப்புறம், கேபினெட்ல கை பட்டா சுருக்குன்னு இருக்கு. அம்மா ஈரத்துணியால துடைக்கப் போயி கையை உதறிட்டாங்க. இப்ப தடைக்காலம், அப்பா கடலுக்குப் போகல. ஜூன் 14 வரைக்கும் வீட்ல வருமானம் கிடையாது. எதை மாத்தணும்னு தெரிஞ்சுக்காம கடைக்குப் போக பயமா இருக்கு.

ராயபுரம்_ரெண்டர்:

750 வாட் எல்லாம் இந்த கார்டுக்குப் பத்தாது. 1000 வாட் எஸ்எம்பிஎஸ் மாத்துங்க, சரியாயிடும்.

ஷேடர்:

தங்கச்சி, எஸ்எம்பிஎஸ்ல கை வெக்காதே, 750 தாராளம். உன் பதிவுலயே விடை இருக்கு.

600 விஏங்கறது வாட் கிடையாது. அந்த ரக யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், பின்னாடி ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், பாரு. 7900எக்ஸ் முழு வேகத்துல 230 வாட் வரை இழுக்கும். 4070 சூப்பர் 220. போர்டு, ஃபேன், மானிட்டர் தனி. ஷேடர் கம்பைல் ஆகும்போது பிராசஸரோட 24 த்ரெட்டும் ஓடும், பின்னாடி லெவல் தெரியற வியூபோர்ட்டும் ரியல்டைம்ல ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டும் சேர்ந்தா 360 தாண்டிடும். பகல்ல அது கத்துறது ஓவர்லோடுக்குத்தான்.

ராத்திரி உங்க தெருவுல எல்லார் வீட்லயும் ஏசி ஓடும், வோல்டேஜ் இறங்கும். அந்த டக் டக், யுபிஎஸ் உள்ள ரிலே மாறுற சத்தம். வோல்டேஜை ஏத்திப் பாத்து முடியாம பேட்டரிக்குத் தாவுது. பேட்டரியில 360-க்கு மேல கேட்டா அந்த நொடியே கையை விரிச்சிடும். லேப்டாப் இழுக்கறதே கொஞ்சம், அதுக்குள்ளயே பேட்டரி வேற இருக்கு. அதனாலதான் உனக்கு இது இவ்வளவு நாள் தெரியல.

உறுதி பண்ணிக்க, விண்டோஸ் நடந்ததைக் குறிச்சு வெக்கற ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41-ன்னு இருக்கான்னு பாரு. அதுல பக்செக் கோடு 0-ன்னு இருந்தா, விண்டோஸ் தானா கவுந்து விழல, கரண்ட் திடீர்னு போயிருக்குன்னு எடுத்துக்கலாம். ஒரு ராத்திரி யுபிஎஸ் இல்லாம நேரா சுவத்து பிளக்ல போட்டுப் பாரு.

8 ஆயிரம் ஷேடருக்குப் பயப்படாதே. கம்பைல் பண்ணதை அன்ரியல் புராஜெக்டுக்கு வெளியே தனி கேஷ்ல (சேமிப்பு ஃபோல்டர்ல) வெச்சுக்கும். நீ புராஜெக்டை மட்டும் காப்பி பண்ணியிருப்பே, கேஷ் லேப்டாப்லயே நின்னுடுச்சு. ஒரு தடவை முழுசா ஓடி முடிஞ்சா அடுத்த தடவை வராது.

மீட்டர்பெட்டி:

ஏம்மா, கொஞ்சம் நில்லு. எந்தப் பிளக்லயும் இப்பப் போட்டுப் பாக்காதே. யுபிஎஸ், ஷேடர் எல்லாம் அப்புறம். அம்மா ஈரக்கையோட தொட்டு உதறினாங்கன்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சதும் எனக்கு மனசு கேக்கல. முப்பது வருஷமா தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வயரிங் பண்றவன் சொல்றேன், உங்க வீட்ல எர்த் இல்ல.

எஸ்எம்பிஎஸ்ல கரண்ட் நுழையற இடத்துலயே ஒரு ஃபில்டர் இருக்கும். பேஸ்ல இருந்து ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரல்ல இருந்து ஒண்ணு, ரெண்டும் கேபினெட் தகரத்துல வந்து சேரும். எர்த் இருந்தா கசியறது மண்ணுக்குப் போயிடும். இல்லேன்னா 230-ல பாதி, நூத்திப் பத்து நூத்திப் பதினஞ்சு வோல்ட், கேபினெட் மேலயே நிக்கும். கசிவு ரொம்பக் கம்மிங்கறதால இப்ப சுருக்குன்னு மட்டும் இருக்கு. நாளைக்கு உள்ள ஏதாவது ஷார்ட் ஆனா அந்தத் தகரம் முழு பேஸ். வெறுங்கால், ஈரத்தரை, அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் இருக்கற ஆளைக் கூப்பிடு. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம் வரணும். பேஸுக்கும் எர்த்துக்கும் அதே வரணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்தான் இருக்கணும். மூணு ஓட்டை பிளக் இருக்குன்னு நம்பாதே. பழைய வீடுங்கள்ல மேல் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது.

கொடுங்கையூர்_கேமர்:

எங்க வீட்லயும் எர்த் இல்ல. பிளக் உள்ள நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயர் போட்டுட்டாரு எலக்ட்ரீஷியன். ஷாக் நின்னுடுச்சு. அதைப் பண்ணுங்க, செலவே இல்ல.

மீட்டர்பெட்டி:

தம்பி, அதை இன்னைக்கே கழட்டு. கெஞ்சிக் கேக்கறேன். வெளிய எங்கயாவது நியூட்ரல் அறுந்துச்சுன்னா, ஃபேன் வழியா, லைட் வழியா பேஸ் திரும்பி வந்து உன் கேபினெட், உன் ஃப்ரிட்ஜ் எல்லாத்து மேலயும் ஏறி நிக்கும். ஃபியூஸும் போகாது. தொட்டவன் விடுபட மாட்டான். அப்படி ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கேன். பார்த்ததை இங்க எழுத விரும்பல.

கொடுங்கையூர்_கேமர்:

கழட்டிட்டேன் அண்ணா. நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன்.

மீன்காரம்மா_பேத்தி:

ரெண்டு நாள் கழிச்சு எழுதுறேன். பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் மாமா மீட்டரோட வந்தாரு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல 104 வோல்ட்!

வயர் இருந்தது. கீழ மீட்டர் போர்டு வரைக்கும் நல்லாத்தான் வருது. அங்கிருந்து எர்த் பைப்புக்குப் போற கம்பிதான் பிரச்சினை. தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல கிளாம்ப் இருக்கு. மாமா ஸ்க்ரூடிரைவரால லேசா தட்டினாரு, துருவெல்லாம் அப்பளம் மாதிரி உதிர்ந்து கிளாம்ப் கையோட வந்துடுச்சு. உப்புக்காத்து. எங்க ஜன்னல் கம்பியே நாலு வருஷத்துக்கு மேல தாங்காது. வீட்டுக்காரர்கிட்ட மீட்டரை நேர்ல காட்டினோம். கீழ் வீட்டுக்கும் அதே எர்த்துதான்னு தெரிஞ்சதும் மறுபேச்சு பேசல. பழைய பைப் மண்ணுக்குள்ளயும் அரிச்சுப் போயிருந்தது. புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு புதுப் பைப் இறக்கினாங்க. இப்ப 2 வோல்ட். அம்மா கேபினெட்டைத் தொட்டுப் பாத்துட்டு, மறுபடியும் தொட்டுப் பாத்தாங்க.

அப்புறம்தான் நேரா சுவத்துல போட்டேன். ராத்திரி வோல்டேஜ் 170 வரைக்கும் இறங்குச்சு, கம்ப்யூட்டர் அசையல. ஈவென்ட் வியூவர்ல 41, கோடு 0, ஏழு தடவை இருக்கு.

ஷேடர்:

170-லயும் ஓடும். எஸ்எம்பிஎஸ் லேபிள்ல பெரும்பாலும் 100-240-ன்னு போட்டிருக்கும், பாத்துக்கோ. அதனால யாராவது ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னா வாங்காதே.

உடனே புது யுபிஎஸ் வேண்டாம், தடைக்காலம் முடியட்டும். வாங்கும்போது விஏவைப் பாக்காம வாட்டைப் பாரு, 600-க்கு மேல. ப்யூர் சைன் வேவா (வீட்டு கரண்ட் மாதிரி வழவழன்னு வர்ற அலையா) இருந்தா நல்லது. இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ் கட்டம் கட்டமா வர்ற அலையில சில சமயம் மக்கர் பண்ணும்.

அதுவரைக்கும் பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கற செட்டிங்ஸ்ல) ஈகோ மோட் 65 வாட் வெச்சுடு. பேருதான் 65, பிராசஸர் 230-க்குப் பதிலா 88 வாட்லயே நின்னுக்கும். வேகம் கொஞ்சம் குறையும், மே மாச வெயில்ல ரூம் சூடும் குறையும். கம்பைல் ஓடும்போது கன்ட்ரோல் ஆர் அமுக்கினா வியூபோர்ட் ரியல்டைம் நிக்கும். ஆட்டோசேவ் 10 நிமிஷத்துல இருக்கும், 5 ஆக்கு. டிடிஆர்5 வேகம் 4800-ன்னு காட்டினா பயாஸ்ல ரேமை முழு வேகத்துல ஓட்டற எக்ஸ்போ ஆன் பண்ணல. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டுலதான் இருக்கான்னும் பாத்துக்கோ. இந்த பிராசஸர்ல உள்ளயே சின்ன கிராபிக்ஸ் இருக்கறதால போர்டுல சொருகினாலும் படம் வரும், ஏமாத்திடும்.

இப்ப உன் மேப். புராஜெக்ட் ஃபோல்டர்ல சேவ்டு, அதுக்குள்ள ஆட்டோசேவ்ஸ். உன் மேப் பேரோட ஆட்டோ1, ஆட்டோ2-ன்னு இருக்கும். முதல்ல முழு புராஜெக்டையும் வேற டிரைவ்ல காப்பி எடு. அப்புறம் நேரத்தைப் பாத்து கடைசி ஃபைலை எடுத்து, பேர்ல அந்த ஆட்டோ வாலை நீக்கிட்டு, கன்டென்ட்ல கெட்டுப்போன மேப் இருக்கற இடத்துல வை.

மீன்காரம்மா_பேத்தி:

திறந்துடுச்சு அண்ணா!!! ஆட்டோ3-தான் கடைசி. போனது வெறும் எட்டு நிமிஷ வேலை, ரெண்டு ஐஸ் பெட்டி மட்டும் மறுபடி வைக்கணும். ஈகோ மோட்ல ஷேடர் முழுசா ஓடி முடிய 23 நிமிஷம் ஆச்சு. ரேம் 4800-லதான் இருந்தது, 6000-க்கு மாத்திட்டேன்.

நேத்து ராத்திரி அப்பா பக்கத்துல உக்காந்து லெவலைப் பாத்தாரு. தரையில தண்ணி கடல் பக்கமா வழியணும், நீ ரோடு பக்கமா விட்டிருக்கேன்னாரு. சரிவை மாத்திக்கிட்டு இருக்கேன்.

மீட்டர்பெட்டி:

ரொம்ப சந்தோஷம்மா. எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்து, வெயில் காலத்துல மறக்காதே. கிளாம்ப் மேல கிரீஸ் தடவச் சொல்லு. கையில காசு வந்ததும் யுபிஎஸ் வாங்கறதுக்கு முன்னாடி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) ஒண்ணு போர்டுல போட்டுடு. அதுல டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாரு, கட் ஆகணும். ஆகலேன்னா அன்னைக்கே எனக்கு எழுது.