கருப்பு வண்டியில் நுண்கீறல்களும் உப்புக் கறையும்: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி:
எங்கள் பள்ளிக்கரணைக் குடியிருப்பில் போர் தண்ணீர் மட்டுமே உண்டு. வாட்ச்மேன் தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு பழைய துணியையும் வைத்து, வரிசையாக நிற்கும் வண்டிகள் அனைத்தையும் துடைத்துவிடுகிறார். வெயில் படும்போது என்னுடைய கருப்பு வண்டியின் பானட்டில் வட்ட வட்டமாக நுண்கீறல்கள் தெரிகின்றன. கதவுகளில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் ஷாம்பு போட்டும் போகவில்லை. மெஷின் பாலிஷும் செராமிக் கோட்டிங்கும் (பெயிண்டின் மேல் பூசும் கடினமான காப்புப் பூச்சு) செய்தே ஆக வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். வீட்டிலேயே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:
முதலில் அந்தத் தினசரித் துடைப்பை நிறுத்துங்கள். நிறத்தின் மேல் உள்ள கிளியர் கோட் என்னும் நிறமற்ற படலம் பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான் இருக்கும். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதன்று, அந்தப் படலத்தையே தேய்த்து எடுப்பது. பழக்கம் மாறாவிட்டால் ஆண்டுதோறும் பாலிஷ் போட்டுப் படலத்தைக் கரைத்துக்கொண்டே போவீர்கள். மற்ற வண்டிகளின் மண்ணையெல்லாம் சுமந்து உங்கள் பானட்டுக்கு வந்து சேரும் துணி, துணியாகவா இருக்கும்? உப்புத்தாள்தான்.

வாரம் ஒருமுறை, நிழலில், பானட் சூடில்லாத நேரத்தில் கழுவினால் போதும். ஹோஸ் தண்ணீரால் மண்ணை ஓட விட்ட பிறகே கை வைக்க வேண்டும். ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர் என வைத்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிய பின்னரே ஷாம்புவில் நனைக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி.

மறுமொழி 2:
வெள்ளைப் புள்ளிகள் போர் தண்ணீரின் கால்சியம், மெக்னீசிய உப்புகள். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, அதில் நனைத்த துணியைப் புள்ளிகளின் மேல் ஓரிரு நிமிடம் போட்டுவைத்து, காய்வதற்குள் நன்றாகக் கழுவிவிட்டால் புதிய படிவு கரைந்துவிடும். அதற்கும் போகாதவை கிளியர் கோட்டை அரித்து இறங்கியவை. அவற்றுக்கு மட்டுமே பாலிஷ் தேவை. கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேர்த்துவைத்துப் பயன்படுத்துகிறேன், அதில் உப்பு அநேகமாக இல்லை. வீணாகிறதே என்று ஆர்ஓ கழிவு நீரை எடுத்துவிடாதீர்கள். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். காக்கை எச்சம் விழுந்தால் ஈரத் துணியால் மூடி ஊற வைத்து அப்படியே ஒற்றி எடுங்கள். வெயிலில் காய விட்டால் தடம் பதிந்துவிடும்.

மறுமொழி 3:
கழுவிய பின் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால், நிறைய வழுக்குத் திரவம் தெளித்துக் கிளே பார் (ஒட்டிய அழுக்கைப் பிடித்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) ஓட்டலாம். அது தரையில் விழுந்தால் தயங்காமல் தூக்கியெறியுங்கள். பிறகு பெயிண்டைக் காக்க மெழுகு அல்லது சீலன்ட் (செயற்கைக் காப்புப் பூச்சு). நம் வெயிலுக்கு மெழுகு விரைவில் போய்விடும், சீலன்ட் சில மாதங்கள் நிற்கும். செராமிக் கோட்டிங் கெட்டதன்று, ஆனால் அதன் மேலும் உப்புப் புள்ளி படியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால் வாட்ச்மேனை நிறுத்தச் சொன்னால் அவருடைய மாத வருமானத்தில் கை வைத்ததாகிவிடுமே?

மறுமொழி 1:
பணத்தைக் குறைக்க வேண்டாம். கண்ணாடிகள், டயர்கள், உள்ளே இருக்கும் மிதியடிகள் ஆகியவற்றை அவரிடமே விட்டுவிட்டு, பெயிண்டில் மட்டும் துணி படக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.