பூனைக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, என்ன கொடுப்பது?

வணக்கம். பத்து நாள்களுக்கு முன் மாடிப்படியின் அடியில் மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த பூனைக்குட்டியை வீட்டுக்குள் எடுத்துவந்தோம். ஏழு வார வயது இருக்கும் என்றார் மருத்துவர். எடை 650 கிராம்.

பூனை என்றால் பால்தானே என்று அம்மா முதல் நாளே ஒரு கிண்ணம் பசும்பாலை வைத்துவிட்டார். அது நக்கிக் குடித்த அழகைப் பார்த்து நானும் தடுக்கவில்லை. மறுநாளே கழிச்சல். பாலிலுள்ள லாக்டோஸ் பல பூனைகளுக்குச் செரிக்காது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பதறிப்போய்ப் பாலை நிறுத்தி, ஒரேயடியாக உலர் உணவுக்கு மாற்றினேன். அதுவும் தவறாம், ஏழு முதல் பத்து நாள்களில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்ற வேண்டுமாம்.

மருத்துவர் பூச்சி மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். இப்போது உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவுமின்றி வேகவைத்த கோழிக்கறியைப் பிய்த்து நாளுக்கு நான்கு வேளை தருகிறேன். ரத்தம் இல்லை, வாந்தி இல்லை. திரைச்சீலையில் ஏறித் தொங்கும் தெம்பும் குறையவில்லை. ஆனால் மலம் இன்னும் கூழாகத்தான் போகிறது.

வெறும் கோழிக்கறியை எத்தனை நாள் கொடுக்கலாம்? உலர் உணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் சேர்க்கலாமா? தயிர் நல்லது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பால் கொடுத்துப் பட்டது போதும், எனக்குத் துணிவில்லை. குட்டி வளர்த்தவர்கள் சொல்லுங்கள். எந்த அறிகுறி தெரிந்தால் காத்திராமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதையும் சேர்த்து.