செக்கோடு நிற்பதா, மசாலா மில்லுக்கு மாறுவதா?

போளூர் செக்குக்காரன்:
போளூரில் 4 வருடமாக ஒற்றை மரச்செக்கு நடத்துகிறேன். வாகை மர உரல். மல்லாட்டை (நிலக்கடலை), எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ மல்லாட்டைப் பருப்பு போகிறது. பருப்பு விலை ஏறிய மறுநாளே எண்ணெய் விலையை ஏற்ற முடிவதில்லை; பாக்கெட் எண்ணெய் விலையைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். போன வருடம் கையைக் கடித்ததால் சிறுதானியம், சோப்பு, தேன் என்று வாங்கி அடுக்கினேன். இன்று கம்பு மூட்டையைப் பிரித்தால் வண்டு ஓடுகிறது. இப்போது மச்சான், மிளகாய்–மல்லி அரைக்கும் மில் போடு என்கிறார். 2 லட்சம் கடன் வாங்க வேண்டும். தூக்கம் வரவில்லை. பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரணி மளிகை:
தம்பி, செக்கு இருக்கும் கூரைக்குக் கீழே மிளகாய் அரைக்காதீர்கள். மிளகாய் நெடியை எண்ணெய் இழுத்துக்கொள்ளும். நானும் மளிகையோடு பாத்திரம், பிளாஸ்டிக் சாமான் என்று சேர்த்தவன்தான். அலமாரியில் முடங்கிய பணத்தை மீட்க 3 வருடம் ஆனது. அது கிடக்கட்டும், புண்ணாக்குக் கணக்கைத் தனியாக எழுதுகிறீர்களா? பருப்பின் எடையில் பாதிக்கு மேல் புண்ணாக்காகத்தானே விழுகிறது?

காங்கேயம் அக்கா:
நான் தொழிலை விடவில்லை, வழியை மட்டும் மாற்றினேன். கொப்பரை விலை ஏறியபோது போட்ட முதல் அத்தனையும் சரக்கில் மாட்டிக்கொண்டது. அதன்பிறகு கூலிக்கு ஆட்டத் தொடங்கினேன். பண்டம் அவர்களுடையது, விலை ஏற்ற இறக்கம் நம் தலையில் விழாது. கண்முன்னே ஆட்டுவதால் நம்பிக்கையும் வருகிறது. உங்கள் பக்கம் மல்லாட்டை போடாத வீடு உண்டா? எள் ஆட்டிய உரலில் துடைக்காமல் தேங்காய் போட்டால் வாசம் கெடும், அதனால் கிழமை பிரித்துக்கொள்ளுங்கள்.

போளூர் செக்குக்காரன்:
ஐயா கேட்டதும் உட்கார்ந்து கூட்டினேன். மாடு வைத்திருப்பவர்களுக்குக் கடனாகக் கொடுத்த புண்ணாக்கில் மட்டும் 11,000 ரூபாய் நிற்கிறது. பாதியை நோட்டில் எழுதவே இல்லை. மில் வேண்டாமென்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். ‘கூலிக்கு ஆட்டித் தரப்படும்’ என்று பலகை எழுதக் கொடுத்திருக்கிறேன். அக்கா, பூஞ்சை பிடித்த பருப்பைக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்?

காங்கேயம் அக்கா:
அவர்களையே உட்கார்ந்து கெட்டதைப் பொறுக்கி எடுக்கச் சொல்வேன். மறுத்தால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அடுத்த வீட்டு எண்ணெயும் அதே உரலில்தானே இறங்க வேண்டும்.