காதணி விழாப் பத்திரிகையும் மஞ்சள் பெட்டியும்

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். காதணி விழாப் பத்திரிகையின் வாசகம் நாளை மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஆனால் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் திறக்கும் போதெல்லாம் திரை இருண்டு, இது கணினியில் மாற்றங்கள் செய்யலாமா என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் நான் புழங்கும் மென்பொருளுக்கு என்னிடமே சாட்சி கேட்கிறது. செந்தில், இதற்கு ஒரு வழி சொல்.

மல்லிகா அத்தை: அண்ணா, போன முறை விட்டதைப் போல என் பெயரை விட்டுவிடாதீர்கள்.

சித்தப்பா: இதற்கா கவலை? கடைப் பையன் என் கணினியில் ஒரு பட்டையை அடிவரை இழுத்துவிட்டான். அன்றிலிருந்து எந்தக் கேள்வியும் வருவதில்லை, அண்ணா.

செந்தில்: அப்பா, தயவுசெய்து அதை இங்கே வைத்தியமாகச் சொல்லாதீர்கள். பெரியப்பா, அந்தப் பெட்டியின் பெயர் யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு பொதுமக்களுக்கு வந்தது. தொட்டதற்கெல்லாம் கேட்கிறது என்று பலரும் சலித்துக்கொண்டதால், 2009இல் வந்த விண்டோஸ் 7இல் நான்கு படிகள் கொண்ட பட்டை ஒன்றை வைத்தார்கள். அதை அடிவரை இழுத்தால் உங்கள் தட்டச்சு மென்பொருளுக்கு மட்டும் கேள்வி நிற்காது. பென் டிரைவில் ஒட்டிக்கொண்டு வரும் எதுவானாலும், யாரும் அதைத் திறந்துவிட்டால், கேட்காமலேயே நிர்வாகி அதிகாரத்தை, அதாவது கணினியின் அமைப்புகளையே மாற்றும் உரிமையை, எடுத்துக்கொள்ளும். திரை இருள்வதும் காரணத்தோடுதான். அந்த நேரத்தில் மற்ற நிரல்கள் உங்கள் சார்பில் ‘யெஸ்’ அழுத்திவிட முடியாதபடி, அந்தக் கேள்வி மட்டும் தனித் திரையில் நிற்கிறது.

சித்தப்பா: கேட்ட கேள்விக்கு என் மகன் பதில் சொல்வதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும்.

கவிதா: சித்தப்பா, அவன் சொல்வது சரிதான். பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன், அப்பா அந்தப் பெட்டியில் ஓர் எழுத்தைக்கூடப் படிப்பதில்லை. வந்தவுடன் ‘யெஸ்’தான்.

பெரியப்பா: வருவது என் மென்பொருள்தான் என்று தெரிந்த பிறகு படிப்பானேன்?

செந்தில்: அந்தப் பழக்கம்தான் ஆபத்து, பெரியப்பா. நம்பியதற்கே ஓயாமல் கேட்டால், நம்பக் கூடாதது கேட்கும்போதும் கை தானாகப் போய்விடும். உங்கள் பெட்டி நீல நிறமா, மஞ்சளா?

பெரியப்பா: மஞ்சள். தயாரித்தவர் ‘அன்னோன்’ என்று போட்டிருக்கிறது.

செந்தில்: தயாரித்தவர் யார் என்று காட்டும் மின்கையொப்பம் சரிபார்க்கப்பட்ட நிரலுக்கு நீலம் வரும். கையொப்பம் இல்லாத பழைய மென்பொருளுக்கு மஞ்சள் வரும். அதனாலேயே அது கெட்டது என்று ஆகாது. ஆனால் கெட்டவையும் அதே மஞ்சளில் வரக்கூடும். ‘ஷோ மோர் டீடெய்ல்ஸ்’ என்பதை அழுத்தினால் கோப்பு இருக்கும் இடம் தெரியும். மென்பொருள்கள் வழக்கமாக நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸில் உங்கள் மென்பொருளின் கோப்புறை என்றால் சரி. நீங்கள் எதையும் திறக்காதபோது டவுன்லோட்ஸிலிருந்து ஒன்று கேட்டால் ‘நோ’ சொல்லுங்கள்.

மல்லிகா அத்தை: தாய்மாமன் வரிசையில் யார் பெயர் முதலில் வருகிறது?

கவிதா: பாலு என் உடன்பிறந்த தம்பி, அத்தை. அதில் என்ன கேள்வி?

சித்தப்பா: வயதில் மூத்தவன் செந்தில்.

செந்தில்: என்னை விட்டுவிடுங்கள், அப்பா. பெரியப்பா, மென்பொருளின் சின்னத்தின் மேல் சுட்டியின் வலப் பொத்தானைச் சொடுக்கி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போங்கள். ‘கம்பேட்டிபிலிட்டி’ பக்கத்தில் ‘ரன் திஸ் புரோகிராம் ஆஸ் ஆன் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். தட்டச்சு செய்ய நிர்வாகி அதிகாரம் எதற்கு? நிறுவியவர் தேவையில்லாமல் போட்டிருப்பார்.

பெரியப்பா: எடுத்துவிட்டேன். கேள்வி நின்றுவிட்டது. ஆனால் மூடித் திறந்தால் நான் தேர்ந்தெடுத்த விசைப்பலகையை மறந்துவிடுகிறது.

செந்தில்: அமைப்புகளைத் தன் கோப்புறைக்குள்ளேயே எழுதும் பழைய வழக்கமாக இருக்கலாம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத நிர்வாகி அதிகாரம் வேண்டும். மென்பொருளை நீக்கிவிட்டு உங்கள் சொந்தக் கோப்புறை ஒன்றில் நிறுவினால் தீரக்கூடும். அதுவும் ஆகாவிட்டால், பணிகளைத் தானாக இயக்கும் விண்டோஸின் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ இருக்கிறது. அதில் இந்த ஒரு மென்பொருளுக்கு ஒரு பணியை உருவாக்கி, ‘ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலெஜஸ்’ என்பதில் குறியிட்டு, அந்தப் பணியை இயக்கும் குறுவழியை முகப்பில் வைத்தால் இதற்கு மட்டும் கேள்வி வராது. மற்ற அனைத்துக்கும் வரும். ஆனால் அப்படிச் செய்வதானால் மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸிலேயே இருக்க வேண்டும். யாரும் எழுதக்கூடிய கோப்புறையில் இருந்தால், வேறொரு நிரல் அந்தக் கோப்பை மாற்றி வைத்துவிட்டுக் கேள்வியே இல்லாமல் உள்ளே நுழைந்துவிடும்.

பெரியப்பா: இதை நானே செய்ய மாட்டேன். நீ தொலைவிலிருந்து என் திரையைப் பார்த்துச் செய்.

செந்தில்: இரவு ஒன்பது மணிக்குத் திரைப்பகிர்வில் வருகிறேன். மஞ்சள் பெட்டி வந்தால் என் பக்கம் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும், அதனால் அதிலுள்ளதைக் கவிதா அக்கா தொலைபேசியில் படித்துச் சொல்லட்டும்.

கவிதா: நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன்.

பெரியப்பா: நானே கண்ணாடி போட்டுப் படிக்கிறேன். இன்றைக்கு மட்டும் குறியைத் திரும்பப் போட்டுக்கொண்டு வாசகத்தை முடித்துவிடுகிறேன்.

செந்தில்: சரி, பெரியப்பா. அப்பா, உங்கள் பட்டையையும் இன்றே மேலே ஏற்றிவிடலாமா?

சித்தப்பா: விழா முடியட்டும், பார்க்கலாம்.

மல்லிகா அத்தை: அச்சுக்குப் போகும் முன் ஒரு படி இங்கே அனுப்புங்கள், அண்ணா.